சிற்றலை அவை: தன்னார்வ வானொலியர் வலை அமைக்கும் முறை

வானொலி என்றதும் நம் நினைவில் எழுவது ஒருவர் பேசப் பல்லாயிரவர் கேட்கும் ஒலிபரப்பே ஆகும். நிலையத்தார் பேசுவர், நாம் கேட்போம், மறுமொழி கூற நமக்கு வழியில்லை. ஆயின், கேட்பவரே பேசுபவராகவும் பேசுபவரே கேட்பவராகவும் அமையும் வானொலி ஒன்றும் உண்டு. அதனை அமெச்சூர் ரேடியோ என்றும், பேச்சு வழக்கில் ஹாம் ரேடியோ என்றும் கூறுவர். பொருளீட்டும் நோக்கம் சிறிதுமின்றி, கற்கவும், பிறரோடு அளவளாவவும், இடர்க்காலத்தில் உதவவும் தம் இல்லத்திலேயே அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் அமைத்துக்கொண்டோரின் வானொலி அது. இக்கட்டுரையில் அதனைத் தன்னார்வ வானொலி எனக் குறிப்போம்.

இவ்வானொலியை எவரும் நினைத்த மாத்திரத்தில் இயக்கிவிட இயலாது. நம் நாட்டில் 12 வயது நிறைந்த எவரும், மின்னியல் அடிப்படையும் வானொலி விதிகளும் பற்றிய தேர்வில் தேறி, நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெறலாம். உரிமம் பெற்றவர்க்கு உலகில் வேறெவர்க்கும் இல்லாத அழைப்புக் குறி ஒன்று வழங்கப்படும். இந்தியக் குறிகள் பெரும்பாலும் வி.யூ.2, வி.யூ.3 எனத் தொடங்கும். அந்தமானுக்கு வி.யூ.4, இலட்சத்தீவுக்கு வி.யூ.7. வணிகச் செய்தி அனுப்புதல், இசை ஒலிபரப்புதல், மறைகுறிமொழியில் பேசுதல் ஆகியன விலக்கப்பட்டவை. இவையனைத்தும் தொடக்கப் பாடம். நாம் ஈண்டு ஆராயப் புகுவது அதற்கு அடுத்த நிலை: உரிமம் பெற்ற இருபதின்மர் நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே அதிர்வெண்ணில் கூடி, ஒருவர் சொல்லை ஒருவர் கெடுக்காமல் பேசுவது எவ்வாறு என்பது.

வலையும் அவையும்

இத்தகைய கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘நெட்’ என்பர். தமிழில் அதனை ‘வலை’ எனப் பெயர்த்து வழங்குகிறோம். சொல் பொருந்துகிறதா என்று தமிழ்த்துறையில் இருப்போர் கேட்பது இயல்பே. வலை என்றதும் நமக்கு வலைஞரும் மீனும் நினைவுக்கு வருவர். இவ்வலையோ எவரையும் பிடிப்பதற்கன்று. வலையின் முடிச்சுகளை நிலையங்களாகவும் நூலிழைகளை அவற்றிடையே செல்லும் அலைகளாகவும் கொண்டால் பெயர் பொருந்தும். எனினும் என் கருத்தில் ‘அவை’ என்னும் சொல்லே இதற்கு மேலும் உரியது. திருக்குறளில் ‘கேள்வி’ 42ஆம் அதிகாரமாகவும் ‘அவையறிதல்’ 72ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. வானொலி வலையில் இவ்விரண்டும் ஒரே பாடமாகிவிடுகின்றன.

அதற்குக் காரணம் கருவியின் இயல்பிலேயே இருக்கிறது. தொலைபேசியில் நாம் பேசும்போதே எதிரில் இருப்பவர் குறுக்கிட்டால் கேட்கும். தன்னார்வ வானொலியில் அவ்வாறு கேளாது. ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்திப் பேசும்போது வாங்கும் பகுதி அடைபட்டுவிடும். பொத்தானை விட்ட பின்னரே செவி திறக்கும். அஃதாவது, பேசும் வேளையில் நாம் செவிடர். நம் பேச்சு நீளும் அளவுக்கு நம் அறியாமையும் நீளும். இருவர் ஒரே நொடியில் பேசினால் அவ்விருவருமே அதனை அறியார். கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவரே அறிவார். ஆகவே, பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அவையின் முறையை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அவரே வலை நெறியாளர். வானொலியர் அவரை ‘நெட் கண்ட்ரோல்’ என அழைப்பர்.

காலமும் அதிர்வெண்ணும்

ஒரு வலை நிலைபெற முதலில் வேண்டுவன இரண்டு: மாறாத வேளை, மாறாத இடம். இங்கு இடம் என்றது அதிர்வெண்ணை. தென்கிழக்காசிய வானொலியர் நடத்திய ‘சீநெட்’ என்னும் வலை இதற்கு நல்ல சான்று. 1964இல் தோன்றிய அவ்வலை, 14.320 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், உலகப் பொது நேரம் 12.00 மணிக்கு நாள்தோறும் கூடுவதை முறையாகக் கொண்டது. குரலால் மட்டும் அறிந்தோர் முகம் கண்டு கூடும் அவ்வலையின் முதல் மாநாடு 1971இல் பினாங்கில் நடைபெற்றது.

உலகப் பொது நேரம் 12.00 மணி என்பது நமக்கு மாலை 5.30; தாய்லாந்துக்கு 7; ஜப்பானுக்கு இரவு 9. உள்ளூர் நேரத்தைச் சொல்லாமல் பொது நேரத்தை ஏன் சொல்லவேண்டும் என மாணவர் வினவலாம். கடிகாரங்கள் நிலையானவை அல்ல என்பதே விடை. தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 சனவரி முதல் நாளன்று தம் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளின, அதுவரை 7.30க்கு வலைக்கு வந்தவர் அன்றுமுதல் 8 மணிக்கு வரவேண்டியதாயிற்று. இலங்கையில் இம்மாற்றம் இன்னும் விந்தையானது. 1996 மே மாதத்தில் அந்நாட்டுக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே சென்றது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நேரத்துக்கே திரும்பியது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்த வானொலியர் ஒருவர்க்கு அதே வலை 5.30, 6.30, 6.00, மீண்டும் 5.30 என மூன்று முறை மாறித் தோன்றியிருக்கும். வலையோ ஒருபோதும் அசையவில்லை.

அதிர்வெண்ணைத் தெரிவு செய்வதில் நம் விருப்பத்தைவிட வானத்தின் விருப்பமே மேலோங்கும். சிற்றலைகள் நிலத்துக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் வரை பரந்துள்ள அயனி மண்டலத்தில் வளைந்து மீண்டும் நிலத்துக்கு வருகின்றன. அம்மண்டலத்தை ஆக்குவது கதிரவன். எனவே பகலுக்கு ஓர் இயல்பும் இரவுக்கு வேறோர் இயல்பும் உண்டு. 14 மெகாஹெர்ட்ஸ் அலைகள் கடல் கடந்து செல்ல வல்லவை. ஆனால் அண்டையிலுள்ள மாவட்டத்தைத் தாண்டிச் சென்றுவிடும். தமிழ்நாட்டுக்குள் ஒரு வலை வேண்டுமெனில் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியே ஏற்றது. நம் நாட்டில் அது 7.000 முதல் 7.200 வரை. இதன் மேற்பாதியான 7.100 முதல் 7.200 வரையுள்ள இடத்தில் முன்னர் வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களின் பேரிரைச்சல் நிறைந்திருந்தது. 2003ஆம் ஆண்டின் உலக மாநாட்டு முடிவின்படி, 2009 மார்ச் 29 அன்று அவை அவ்விடத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. நம்மவர் வலைகளுக்கு இது பெரும் பேறு.

இவ்வலைக்கான வான்கம்பிக்குப் பெருஞ்செலவு ஆகாது. ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக, மாடிக்கும் மரத்துக்கும் இடையே கட்டினால் போதும். மிக உயரத்தில் கட்டாமல் ஆறு, ஏழு மீட்டர் உயரத்தில் கட்டினால் அலைகள் ஏறக்குறைய நேர்மேலாகச் சென்று, மழைபோல் அண்டை மாவட்டங்களில் இறங்கும். கோபுரம் கட்ட இயலாத மாணவர்க்கு இது ஆறுதல் தரும் செய்தி.

ஒரு செய்தியை மறத்தலாகாது. எந்த அதிர்வெண்ணும் எவர்க்கும் உடைமை அன்று. நாற்பது ஆண்டுகள் அங்கே கூடியிருந்தாலும், இன்று அவ்விடத்தில் வேறு இருவர் பேசிக்கொண்டிருந்தால் வலை ஓரிரண்டு கிலோஹெர்ட்ஸ் விலகி அமைவதே முறை. ஆகவே வலை தொடங்குமுன் நெறியாளர், “இவ்வதிர்வெண் பயன்பாட்டில் உள்ளதா?” என்று கேட்டு, காத்திருந்து, மீண்டும் கேட்பார்.

நெறியாளர் பணி

வேளை வந்ததும் நெறியாளர் தம் அழைப்புக் குறியையும், வலையின் பெயரையும் நோக்கத்தையும் சுருங்கக் கூறித் தொடங்குவார். பழகாதவர் பலர் உடனே வருகைப்பதிவுக்குச் சென்றுவிடுவர். அது பிழை. முதற்கேள்வி, “அவசரச் செய்தி உடையோர் உளரா?” என்பதாகவே இருத்தல் வேண்டும். கேட்ட பின் பத்து நொடியாவது வாளாவிருத்தல் வேண்டும். நாள்தோறும் கேட்டு, நாள்தோறும் விடை வாராமையால் இக்கேள்வி வெறும் சடங்காகத் தோன்றும். தோன்றினும் கேட்கவேண்டும்.

அடுத்து, குரல் மெலிந்த நிலையங்களையும் ஓடும் ஊர்தியிலிருந்து பேசுவோரையும் அழைப்பார். வலிய குரலுடையோர் எப்போது வந்தாலும் கேட்கும்; மெலிந்தவர்க்கு அலை கூடிவரும் சில நிமிடங்களே வாய்ப்பு. அதன் பின்னர் வட்டாரம் வட்டாரமாக அழைப்பு: முதலில் குமரி, நெல்லைப் பகுதி, பின்னர் மதுரை, திருச்சி, பின்னர் கொங்கு நாடு, இறுதியில் சென்னை என்பது போல. ஒவ்வொருவரும் அழைப்புக் குறி, ஊர், எடுத்துச் சொல்லவேண்டிய செய்தி உண்டா இல்லையா என்னும் மூன்றை மட்டும் கூறி விலகுவர். நெறியாளர் அவற்றைப் பதிவேட்டில் எழுதி, ஒவ்வொருவர்க்கும் கேட்பின் தெளிவையும் வலிமையையும் எண்ணால் அறிவிப்பார். தெளிவுக்கு ஒன்று முதல் ஐந்து வரை. வலிமைக்கு ஒன்று முதல் ஒன்பது வரை. ‘ஐந்துக்கு ஒன்பது’ என்பது முழு மதிப்பெண். மரியாதை கருதி எல்லார்க்கும் ஐந்துக்கு ஒன்பது வழங்கும் நெறியாளரும் உளர். அவர் தேர்வுத்தாளைப் படிக்காமல் மதிப்பெண் இடும் ஆசிரியரைப் போன்றவர். தம் குரல் சேரவில்லை என்பதை அறிந்தால்தானே ஒருவர் தம் வான்கம்பியைத் திருத்துவார்?

ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்குமுன் இரண்டு, மூன்று நொடி இடைவெளி விடவேண்டும். உரையாடலில் அது வெறுமையாகத் தெரியும். ஆயினும் இடரில் இருப்பவர் உள்ளே நுழைவதற்கு உள்ள ஒரே கதவு அதுவே. அவ்விடைவெளியில் ‘பிரேக்’ என்னும் ஒரு சொல் கேட்டால் ஏனைய அனைத்தும் நிற்கும்.

கணக்கு ஒன்றும் உண்டு. இருபது நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் எனில் நாற்பது நிமிடம். அலுவலகம் செல்வோர் காலையில் அதற்குமேல் இரார். நீண்ட உரையாடல் விரும்புவோர் இருவரும் வேறு அதிர்வெண்ணுக்கு விலகிப் பேசி, முடிந்ததும் மீண்டு வருவர்.

அஞ்சல்

நெறியாளர் செவிக்கு எட்டாத நிலையங்கள் எப்போதும் இருக்கும். மிக அண்மையிலும் இல்லாமல் மிகச் சேய்மையிலும் இல்லாமல் இடைப்பட்ட ஒரு வளையத்தில் அலை இறங்காது போவதுண்டு. திருச்சியில் இருப்பவர் தஞ்சையைக் கேளார். ஆனால் பெங்களூரில் இருப்பவர் இருவரையும் தெளிவாகக் கேட்பார். அப்பொழுது பெங்களூர் நிலையம் இடைநின்று சொல்லை எடுத்துக்கொடுக்கும். நம் வானொலி நிலையங்கள் ‘அஞ்சல் செய்தல்’ என்று வழங்கும் சொல் இதற்கு முற்றும் பொருந்துகிறது.

அஞ்சல் என்னும் இக்கருத்தே உலகின் முதன்மையான தன்னார்வ வானொலிக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தது. 1914இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வாழ்ந்த ஹைரம் பெர்சி மாக்சிம், அண்டை மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஓர் ஆடியான் வால்வு விலைக்கு இருப்பதை அறிந்து, அங்கிருந்தவரோடு வானொலியில் பேச முயன்றார். முப்பது மைலுக்கு உட்பட்ட தொலைவே; எனினும் அன்றிரவு அவர் குறி எட்டவில்லை. இடையில் வின்ட்சர் லாக்ஸ் என்னும் ஊரில் ஒரு நண்பர் இருப்பது நினைவுக்கு வர, அவர் வழியாகச் செய்தி சென்று சேர்ந்தது. அவ்வாண்டே அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் தோன்றியது. ஒரு வால்வு வாங்க முயன்றவரின் தவிப்பு கழகத்தின் பெயரில் நிலைத்துவிட்டது.

அஞ்சல் செய்பவர்க்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: கேட்டதைக் கேட்டபடியே சொல்லவேண்டும். சுருக்குதல், விளக்குதல், திருத்துதல் மூன்றும் குற்றம். உரையாசிரியர் மரபில் வளர்ந்த நமக்கு இது சற்றுக் கடினமே.

இரைச்சலும் தமிழெழுத்தும்

சிற்றலைப் பேச்சில் ஏறத்தாழ 300 முதல் 2700 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளே செல்கின்றன. உயிரொலிகள் பிழைக்கும், மெய்யொலிகளின் நுட்பம் தேயும். ‘கனி’, ‘பனி’ என்பவற்றை இரைச்சலில் பிரித்தறிதல் அரிது. ‘அறுபது’, ‘எழுபது’ என்பவையும் அவ்வாறே. ஆகவே எண்ணைச் சொல்லும்போது ‘ஆறு, சுழியம்’ எனத் தனித்தனியே சொல்வது நன்று. அழைப்புக் குறிகளை ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ என்னும் உலக எழுத்துப் பெயர்களால் சொல்வர். வானூர்தித் துறைக்கென வகுக்கப்பட்ட இவ்வரிசை 1956இல் நடைமுறைக்கு வந்தது. ஒலியால் ஒன்றோடொன்று மயங்காத சொற்களைத் தேர்ந்து அமைத்ததே இதன் சிறப்பு.

அழைப்புக் குறிக்கு இது சரி. தமிழ் ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் வரும்போது என் செய்வது? ஈண்டு நம் முன்னோர் விடை ஒன்று வைத்துள்ளனர். ண, ந, ன என்னும் மூன்றும் செவிக்கு ஒத்து ஒலிப்பதால் அவற்றுக்கு டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் எனப் பெயரிட்டனர். எவ்வெழுத்தோடு அது சேர்ந்து நிற்கும் என்பதைக் கொண்டே அதனை அடையாளம் காட்டும் முறை இது. ‘வல்லின றகரம்’, ‘இடையின ரகரம்’ என்பனவும் அத்தகையவையே. தமிழில் அளவளாவும் வானொலியர் இப்பெயர்களை வலையில் பயன்படுத்தினால், நிவாரணப் பட்டியலில் ஒருவர் பெயர் மற்றொருவர் பெயராக மாறாது. தொடக்கப் பள்ளியோடு நாம் விட்டுவிட்ட பாடம் ஒன்று இவ்வாறு பயன்தரும் என நான் எண்ணியதில்லை.

நின்றுபோன வலை

இனி என் பட்டறிவு ஒன்று. இயற்பியல் துறை நண்பர் ஒருவர் 2016இல் பதினொருவரைக் கொண்டு 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு வலை தொடங்கினார். உரிமம் இல்லாத எனக்குப் பேசும் உரிமை இல்லை. அருகமர்ந்து பதிவேடு எழுதினேன். எல்லார்க்கும் ஓய்வான வேளை என்று இரவு 9 மணியைத் தெரிந்தெடுத்தனர். அங்கேதான் பிழை நேர்ந்தது. சூரியப் புள்ளிகள் அருகிவந்த ஆண்டுகள் அவை. இருட்டிய பின் அயனி மண்டலம் மெலிய, அண்டை மாவட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தொலைநாட்டுக் குரல்கள் மட்டும் வந்தன. மனிதரின் வசதியைக் கேட்ட நண்பர் வானத்தைக் கேட்க மறந்தார். மேலும், நெறியாளர் அவர் ஒருவரே. அவர் வெளியூர் சென்ற நாளில் வலை இல்லை. மாற்று நெறியாளர் வேண்டும் என்று ஒருவர் கூறியபோது, “நான்தான் இருக்கிறேனே” என்றார். பதினொருவர் எழுவராயினர், எழுவர் மூவராயினர். 2018 சூனில் பதிவேட்டை மூடினோம்.

அவ்வாண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் வீழ்ந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் பல ஊர்களில் வாய்மூடின. வேதாரணியம் பக்கத்தில் நண்பரின் உறவினர் இருந்தனர். அவர் கார் மின்கலத்தில் கருவியை இணைத்து நாள் முழுதும் அழைத்தார். வானொலியர் அப்பகுதியில் இல்லாமல் இல்லை. எவர் எந்த அதிர்வெண்ணில், எந்த வேளையில் இருப்பார் என்பதே தெரியவில்லை. இரவு 9 மணிக்கு, பழைய அதிர்வெண்ணில், மிக மெலிந்த ஒரு குரல் கேட்டது. முன்னாள் உறுப்பினர், கும்பகோணத்துக்காரர். “இந்நேரத்துக்கு இங்கே யாரேனும் வரக்கூடும் என்று நினைத்தேன்” என்றார். வலை மாண்டு ஐந்து திங்கள் ஆகியிருந்தது. அதன் வேளை மட்டும் அவர் நினைவில் உயிரோடு இருந்தது. அவர் வழியாக இரண்டு நாளில் செய்தி கிடைத்தது. பதினொருவரும் இருந்திருந்தால் இரண்டு மணியில் கிடைத்திருக்கும் என்று நண்பர் பலமுறை கூறி வருந்தியிருக்கிறார்.

2004 திசம்பர் 26 அன்று நிகழ்ந்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஐதராபாத்திலுள்ள தேசியத் தன்னார்வ வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அப்போது போர்ட் பிளேயரில் இருந்தார். பல்லாண்டுகளுக்குப் பின் அந்தமானிலிருந்து தன்னார்வ வானொலி இயக்க இசைவு கிடைத்து, அம்மாதத் தொடக்கம் முதல் அங்கிருந்து உலகோடு பேசிவந்தார். ஆழிப்பேரலை வந்ததும் அப்பணியை நிறுத்தி, தீவுகளில் இருந்தோர் நலச்செய்தியை நாட்டின் பெருநிலப்பகுதிக்கு அனுப்பும் பணியைத் தம் குழுவினரோடு மேற்கொண்டார். அரிய இடத்திலிருந்து எழும் அக்குரலைப் பிடிக்க உலகெங்கும் வானொலியர் முன்னரே காத்திருந்தனர். இடர் வந்தபின் செவிகளைத் தேடவேண்டிய நிலை அவர்க்கு ஏற்படவில்லை.

மீண்டும் தொடங்கியது

2019 சனவரியில் நண்பரின் வலை மீண்டும் எழுந்தது. இம்முறை காலை 7.30, கதிரவன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்து, அண்டை மாவட்டங்கள் தெளிவாகக் கேட்கும் வேளை. நெறியாளர் மூவர், மூன்று ஊர்களில், கிழமை முறை வைத்து. திங்களுக்கு ஒருநாள் மின்சாரத்தைத் துண்டித்து, 12 வோல்ட் மின்கலத்தில் மட்டுமே வலை நடக்கும். அன்று எவர் மின்கலம் பழுது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முடிக்கும் முறையும் வகுக்கப்பட்டது. காலந்தாழ்ந்து வந்தோரை மும்முறை அழைத்தல். அஞ்சல் செய்தோர்க்கு நன்றி கூறல். வருகை எண்ணிக்கையை அறிவித்தல். இவ்வதிர்வெண் பொதுப் பயனுக்கு விடப்படுகிறது எனக் கூறி விலகல்.

தொடங்கிய முதற்கிழமையில் ஒருநாள் எவரும் வரவில்லை. நண்பர் அவசரச் செய்தி உண்டா எனக் கேட்டார்; பத்து நொடி காத்திருந்தார். வட்டாரம் வட்டாரமாக அழைத்தார். இரைச்சல் தவிர ஒன்றுமில்லை. மும்முறை அழைத்து, முறைப்படி அதிர்வெண்ணை விடுவித்துக் கருவியை அணைத்தார். என்ன எழுதுவது என்று கேட்டேன். அவர் சொன்னபடியே பதிவேட்டில் எழுதினேன்: “வருகை: இல்லை. வலை நடந்தது.”